இரண்டாம் பருவத்து மல்லாட்டை

பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் விவரம் தெரிந்தவர்கள் வேறு நிகழ்ச்சி எதையும் வைத்துக்கொள்வதில்லை. வெளியூர்ப் பஸ்கள் எல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நின்றுவிடும். மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டரும் தலைகளாக இருக்கும். பேராசிரியர் சகாதேவன் இதே ஊரில் முப்பது வருஷமாகத் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். அவருக்கு இது தெரியாததல்ல. ஆனால் பயிலரங்குக்குத் தேதி குறிக்கும்போது அவர் காலண்டரைப் பார்க்கவில்லை, கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தின் பதிவேட்டைத்தான் பார்த்தார். அந்த மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை கூடம் காலியாக இருந்தது.

"பாத்தியாம்மா, நமக்குன்னே ஒரு நாள் காலியா இருக்கு" என்றார் மதிவதனியிடம்.

மதிவதனி பார்த்தாள். அது ஏன் காலியாக இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. அவள் சகாதேவனிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மாணவி. இது ஆறாவது வருஷம். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. அவளுடைய மூன்றாவது இயலை, ஆராய்ச்சியின் முடிவுகள் எல்லாம் அடங்கிய இயலை, சகாதேவனிடம் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகிறது. எப்போது கேட்டாலும் "பாத்துட்டிருக்கேம்மா" என்பார். அப்படிப்பட்டவரிடம் தேதி தப்பு என்று சொல்லி மனஸ்தாபம் வாங்கிக்கொள்ள எந்த மாணவிக்குத் தைரியம் வரும்?

பயிலரங்கின் தலைப்பு, 'முனைவர் பட்டம்: மூன்றே ஆண்டில்!' புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர்களுக்கானது. பேச ஒப்புக்கொண்டவர் சென்னையிலிருந்து வரவேண்டிய முனைவர் கஸ்தூரி. இதே தலைப்பில் அவர் முப்பது கல்லூரிகளில் பேசியிருக்கிறார். பேனர் அடித்து மேடைக்குப் பின்னால் கட்டியதும், டீ எத்தனை என்று கணக்குச் சொன்னதும், வாசலில் மேசை போட்டு வருகைப்பதிவு வாங்கியதும் மதிவதனிதான். ஆறு வருஷத்தில் அவள் நன்றாகக் கற்றுக்கொண்ட வேலைகள் இவை.

பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பதே முக்காலுக்குக் கஸ்தூரியிடமிருந்து போன் வந்தது. சகாதேவன் பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"சார், பஸ்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. ஆட்டோவும் உள்ள விடல. நடந்துதான் வரேன்."

"சாரி மேடம், நாங்க ஆள் அனுப்பறோம். எங்க இருக்கீங்க?"

"அதான் சொல்ல வந்தேன். கூட்டத்தோட கூட்டமா நடந்து கிரிவலப் பாதைக்கே வந்துட்டேன். இத்தனை வருஷமா வரணும் வரணும்னு நெனச்சது. வந்தது வந்துட்டேன், ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். செருப்பைக்கூடக் கழட்டிட்டேன். மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். பிபிடியை வாட்ஸப்புல அனுப்பறேன், யாராவது ஆரம்பிச்சு வைங்க."

போன் அணைந்தது. கூடத்துக்குள் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். துறையில் மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் பௌர்ணமிக்கு வீட்டில் விருந்தாளிகள் என்று லீவு சொல்லியிருந்தார்கள். சகாதேவன் மூன்றரை அடி தூரத்தில் நின்ற மதிவதனியைப் பார்த்தார்.

"நீ பேசிடும்மா."

"நானா சார்? மூணு வருஷத்துல முடிக்கறதைப் பத்தியா?"

"ஸ்லைடு இருக்கு இல்ல. படிச்சா போதும்."

அவர் மேடையேறி அவளை அறிமுகப்படுத்தினார். அவளை அவருக்கு நிஜமாகவே பிடிக்கும். அதனால் தேவைக்கு மேலேயே பேசினார். "மதிவதனி கீழ்பென்னாத்தூர் பக்கத்துல விவசாயக் குடும்பம். மல்லாட்டையில, அதான் வேர்க்கடலையில, வர்ற இலைப்புள்ளி நோயை நொச்சி இலைச்சாறு கட்டுப்படுத்துதானு ஆராய்ச்சி. அப்பாவோட நிலத்துலயே பன்னெண்டு பாத்தி போட்டு, மூணு பருவம் பண்ணியிருக்கு. இதுல ரெண்டாவது பருவத்தைக் காட்டுப்பன்னி வந்து தின்னுடுச்சி. வேற யாரா இருந்தாலும் விட்டுட்டுப் போயிருப்பாங்க. இந்தப் பொண்ணு திரும்ப வெதைச்சுது!"

கைதட்டல் எழுந்தது. மதிவதனி தரையைப் பார்த்தாள்.

அந்தக் காட்டுப்பன்றி அந்தக் கல்லூரியில் பிரசித்தம். மூன்று வருஷம் முன்னால் அவளுடைய ஆறுமாத அறிக்கையில் 'களத்தில் காயவைத்த மாதிரிகள் காட்டுப்பன்றியால் சேதம்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துக் கொதித்துப்போன சகாதேவன், ஒரு திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போய், குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று, ஆராய்ச்சிப் பயிர்களைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார். பத்து நாளில் வனத்துறையிலிருந்து ஒருவர் மதிவதனியின் அப்பா காசியின் நிலத்துக்கு வந்து, வரப்பு வரப்பாகக் குனிந்து காலடி தேடினார். ஒரு ஆட்டின் தடமும் காசியின் தடமும்தான் இருந்தன. காசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இந்தப் பக்கம் பன்னியே கெடையாதுங்களே" என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது, மதிவதனி அவர் கையில் காலி மோர்ச் செம்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

இப்போது மைக்கின் முன்னால் நின்று ஸ்லைடைப் போட்டாள். முதல் ஸ்லைடில் கஸ்தூரி பட்டம் வாங்கும் படம். இரண்டாவதில், 'காலை நாலரை மணிக்கு எழுந்திருங்கள்.' அதைப் படித்தாள். மூன்றாவதில், 'உங்கள் நெறியாளரே உங்கள் முதல் வாசகர். ஒவ்வொரு இயலையும் அவர் ஒரு வாரத்தில் படித்துத் தருமாறு பழக்குங்கள்.'

அதையும் படித்தாள். முன்வரிசையில் சகாதேவன் செல்போனை எடுத்து எதையோ கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

நான்காவது ஸ்லைடு, 'தோல்வியை நண்பனாக்குங்கள்.' அதில் ஒரு சூரியோதயப் படம் மட்டும் இருந்தது. படிக்க வேறு எதுவும் இல்லை. மதிவதனி ஒரு நிமிஷம் சூரியனைப் பார்த்தாள். மாணவர்களும் பார்த்தார்கள்.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். பெயர் பூஜா, சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

"அக்கா, நீங்க தீசிஸ் குடுத்து எத்தன வருஷம் ஆச்சு?"

"இன்னும் குடுக்கல."

"அப்ப இப்ப எத்தனாவது வருஷம்?"

"ஆறாவது."

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அவள் தலைக்கு மேலே இருந்த பேனரைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார்கள்.

பூஜா உட்காரவில்லை. "தப்பா நெனைக்காதீங்க அக்கா. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். கைடுகிட்ட பொய் சொல்லலாமா?"

"எதுக்குக் கேக்கற?"

"பூஞ்சை வளக்கற ஒரு டெஸ்ட் ப்ளேட்டைக் கீழ போட்டு ஒடச்சிட்டேன். பூஞ்சை வரலைன்னு சொல்லிடலாம்னு ஹாஸ்டல்ல சொல்றாங்க."

அந்தக் கேள்விக்கு எந்த ஸ்லைடிலும் பதில் இருக்காது என்று மதிவதனிக்குத் தெரிந்தது. மூன்று வருஷமாக அவள் நெஞ்சில் அந்தப் பன்றி குடியிருந்தது. மனு, வனத்துறை, ஒவ்வொரு கூட்டத்திலும் கைதட்டல் என்று அது கொழுத்துக்கொண்டே போனது. 'இன்னும் ரெண்டு மாசம்தான், எப்படியும் நீட்டிப்பு முடியப்போகுது, போறது போகட்டும்' என்று தோன்றியது. லேப்டாப்பை மூடினாள்.

"சொல்லலாம். நான் சொல்லியிருக்கேன். சொன்னா இன்னா ஆவும்னு சொல்றேன், கேட்டுட்டு நீயே முடிவு பண்ணிக்க."

சகாதேவன் செல்போனிலிருந்து தலைநிமிர்ந்தார்.

"என் ரெண்டாவது பருவம் அறுவடை முடிஞ்ச அன்னிக்கு சாயந்திரம், பன்னெண்டு பாத்தியோட மல்லாட்டையையும் பன்னெண்டு துணிப்பையில போட்டு, ஒவ்வொண்ணுலயும் சீட்டு எழுதி வெச்சு, வீட்டு உள்ரூம்ல அடுக்கினேன். மறுநாள் காலையில எடை போடணும். அன்னிக்குனு பாத்து சாரும், என் ஆராய்ச்சிக் கமிட்டி மெம்பர் ஒருத்தரும் நிலத்தைப் பாக்க வந்தாங்க. நான் அவங்களைக் கூட்டிட்டுப் போய் பாத்தி காமிச்சிட்டு இருந்தேன். வீட்ல எங்கம்மா, வாத்தியாருங்க வந்திருக்காங்களே, வெறும் டீயைக் குடுத்து அனுப்பறதானு யோசிச்சிருக்காங்க."

கூடத்தில் சிலருக்கு அதற்குள்ளேயே புரிந்துவிட்டது. யாரோ "ஐயோ" என்றார்கள்.

"நல்லா திரண்ட காயா பாத்து மூணு பையை அவிழ்த்து, உப்பு போட்டு வேகவெச்சிட்டாங்க. அந்த மூணும் நொச்சிச்சாறு தெளிச்ச பாத்தி. நான் எதை நிரூபிக்கணும்னு ரெண்டு வருஷமா உழைச்சேனோ, அது அத்தனையும் அந்த மூணு பையிலதான் இருந்துது. காய் திரட்சியா இருந்ததாலதான் எங்கம்மா அதை எடுத்தாங்க. ஒரு வகையில பாத்தா என் ஆராய்ச்சி சரினு மொதல்ல கண்டுபுடிச்சது எங்கம்மாதான்."

சிரிப்பு வெடித்தது. மதிவதனி சிரிக்கவில்லை.

"சார் சாப்டுட்டு, 'இவ்ளோ திரட்சியா மல்லாட்டை நான் பாத்ததே இல்ல'னு சொன்னாரு. எங்கம்மாவுக்கு சந்தோஷம் தாங்கல. மிச்சத்தைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. அப்பா வெளைய வெச்ச காயினு நெனச்சிட்டேன், எனக்கு மறுநாள் காலையிலதான் தெரியும். 'பை எங்கம்மா?'னு கேட்டேன். 'அதுவா, வேகவெச்சேன். ஆனா நீ எழுதின சீட்டு ஒண்ணுகூடப் போவல, பத்திரமா வெச்சிருக்கேன்'னு, மூணு சீட்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கையில குடுத்தாங்க."

இந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சார்கிட்ட 'நீங்க சாப்டுட்டீங்க'னு எப்படிச் சொல்றது? பன்னினு எழுதிட்டேன். ஒரு வரிதான். அதுக்கப்புறம் சார் கலெக்டர் ஆபீசுக்குப் போனாரு. வனத்துறை வந்துது. நிஜத்தைச் சொல்ல ஒவ்வொரு நாளும் கஷ்டம் ஜாஸ்தியாயிட்டே போச்சு. சாரைப் பாத்தாலே ஒளிஞ்சிப்பேன். ஒளிஞ்சதுலயே ஒரு வருஷம் போச்சு. அதான் பூஜா. ப்ளேட் ஒடஞ்சிடுச்சுனு இன்னிக்கே போய்ச் சொல்லிடு. இன்னிக்குச் சொன்னா திட்டு ஒரு நாளு."

சகாதேவன் எழுந்தார். முகத்தில் கோபமா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் பிடிபடவில்லை.

"அப்போ அந்தக் காட்டுப்பன்னி..." என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை.

கடைசி வரிசையிலிருந்து யாரோ தணிந்த குரலில் முடித்துவைத்தார்கள்: "சார்தான்."

அதற்குப் பிறகு கூடத்தை யாராலும் அடக்க முடியவில்லை. அந்தச் சத்தத்தின் நடுவே சகாதேவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மதிவதனி மைக்கை அணைத்தாள். தன் ஆராய்ச்சிப் படிப்பு இன்று பதினொன்றேகாலுக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தாள். ஆனால் மாணவர்கள் எழுந்து போகவில்லை. மேடைக்கே வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கைடு போன் எடுக்காவிட்டால் என்ன செய்வது, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் என்ன சொல்வது, ஆய்வுக்கட்டுரை திரும்பி வந்தால் எத்தனை நாள் அழலாம் என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். அழுவதற்கு இரண்டு நாள் போதும் என்றாள்.

ஒன்றரை மணிக்குக் கஸ்தூரி வந்து சேர்ந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு கேரி பையில் செருப்பு. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டார். எதுவரைக்கும் ஆனது என்று கேட்டார். சூரியன் ஸ்லைடு வரைக்கும் என்றாள் மதிவதனி. பூஜா அவரையும் விடவில்லை.

"மேடம், நீங்க நெஜமாவே மூணு வருஷத்துல முடிச்சீங்களா?"

பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்தவருக்கு அப்போது பொய் சொல்லத் தெம்பில்லை. "மூணு வருஷம்தான்மா. ஆனா அது மூணாவது கைடுகிட்ட. மொதல் ரெண்டு பேர்கிட்ட இருந்ததை நான் கணக்குல சேக்கறது இல்ல."

சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு மதிவதனி ஆய்வகத்துக்குப் போனாள். சகாதேவன் ஜன்னலோரம் மேசையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டதாகத் தெரியவில்லை. அவள் வாசலிலேயே நின்றாள்.

"மூணு பையும் நானா சாப்டேன்?"

"இல்ல சார். கமிட்டி மெம்பரும் சாப்டாரு."

"அவன் கொஞ்சம்தான் சாப்டான். எனக்கு ஞாபகம் இருக்கு. பொட்டலத்தை ஊட்டுக்கு வேற எடுத்துட்டுப் போனேனே. எங்க ஊட்ல ரெண்டு நாள் வெச்சு சாப்டோம். ஒரு வருஷ வேலை."

"மன்னிச்சிடுங்க சார். மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும். கலெக்டர் ஆபீஸ்ல அந்த வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னேன்மா." இதைச் சொல்லும்போது அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று மதிவதனி பயந்துபோனாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் இழுப்பறையைத் திறந்தார். அவளுடைய மூன்றாவது இயலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓரமெல்லாம் மடங்கி, டீக் கறை படிந்து, தாள்கள் துவண்டிருந்தன. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் கேள்விக்குறி.

"படிக்கலனு நெனச்சிட்டிருந்த இல்ல? பன்னெண்டு தடவ படிச்சிட்டேன். இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லுங்க சார்."

அவர் ஒரு பட்டியலில் விரலை வைத்தார். "இங்க பி வேல்யூ, பி வேல்யூனு போட்டிருக்கியே. இது கம்மியா இருந்தா நல்லதா, ஜாஸ்தியா இருந்தா நல்லதா?"

மதிவதனி மேசையருகே வந்தாள். "கம்மியா இருந்தா நல்லது சார்."

"கம்மியாவா?"

"எதேச்சையா இப்படி நடந்திருக்க எவ்ளோ வாய்ப்புனு காட்டுற எண்ணு சார் அது. கம்மியா இருந்தா, இது எதேச்சை இல்ல, நொச்சிதான் வேலை செஞ்சிருக்குனு அர்த்தம்."

சகாதேவன் நாற்காலியில் சாய்ந்தார். "நாங்க படிக்கும்போது சராசரி போட்டா போதும்மா. இது நான் படிச்சதே இல்ல. பதினோரு மாசமா தலைகீழா நெனச்சிட்டிருந்தேன். எல்லா எண்ணும் கம்மி கம்மியா இருக்கேனு பாத்து, உன் ஆராய்ச்சி மொத்தமும் ஃபெயில்னு நெனச்சேன். மூணு பருவம் கஷ்டப்பட்ட பொண்ணு, பன்னி வேற தின்னுடுச்சி, இவகிட்ட எப்படிப் போய்ச் சொல்றதுனுதான் தள்ளித் தள்ளிப் போட்டேன்."

"ஆராய்ச்சி ஜெயிச்சிடுச்சு சார்."

"இப்பதான தெரியுது!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே இருவரும் உட்கார்ந்தார்கள். துறையில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவை ஒருக்களித்துச் சாத்திவைத்துவிட்டு, மதிவதனி கரும்பலகையில் எழுதி விளக்கினாள். அவர் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். நல்ல மாணவர்தான், ஆனால் ஒரே சந்தேகத்தை மூன்று முறை கேட்பார். ஒருநாள் அவள் பொறுமையிழந்து, "அதைத்தான நேத்து சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சகாதேவன் அடக்கமாக, "சாரிம்மா" என்றார். பதினாறு நாளில் இயல் முழுவதையும் படித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில் அவள் கவனிக்காமல் விட்ட இரண்டு தாவரப் பெயர்ப் பிழைகளையும் திருத்தினார்.

ஒன்றில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார். ஆய்வேட்டில் காட்டுப்பன்றி இருக்கக் கூடாது. அந்த வரியை அவரே அடித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கும் ஒரு திருத்தக் கடிதம் எழுதினார். ஆய்வேட்டின் எழுபத்திரண்டாம் பக்கத்து அடிக்குறிப்பில், 'இரண்டாம் பருவ மாதிரிகளுள் மூன்று, எடையிடுமுன் நெறியாளராலும் குழு உறுப்பினராலும் உண்ணப்பட்டன. ஆகவே அப்பருவத் தரவுகள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை' என்று போடவைத்தார். நீட்டிப்பு முடிய மூன்று நாள் இருக்கும்போது ஆய்வேட்டுச் சுருக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போனது; நீட்டிப்புக்குள் அது போனால் போதும்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர், தமிழ்செல்வி என்ற கண்டிப்பான பேராசிரியர், நேராக எழுபத்திரண்டாம் பக்கத்தைத்தான் திறந்தார். கண்ணாடிக்கு மேலே சகாதேவனைப் பார்த்தார். "இது அச்சுப்பிழை இல்லையே?"

"இல்லைங்க மேடம்."

பின்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த மதிவதனியின் அம்மா பாஞ்சாலைக்கு, தன் பெண்ணை ஏதோ குற்றம் சொல்கிறார்கள் என்று பட்டது. எழுந்து நின்றுவிட்டாள். "நான்தாங்க வேகவெச்சேன். அது புள்ள மேல தப்பு இல்ல" என்றாள். காசி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். தமிழ்செல்வி ஒரு நிமிஷம் குனிந்து தாளைப் புரட்டுவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு பி வேல்யூவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். மதிவதனி வாய் திறப்பதற்குள் சகாதேவன் பதில் சொல்லிவிட்டார். தேர்வு உங்களுக்கு இல்லை என்று அவரை உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது.

பட்டம் கிடைத்த நாலாவது மாதம், பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் மதிவதனிக்குக் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைத்தது. முதல் நாள் கால அட்டவணையைக் கையில் கொடுத்தார்கள். வாரம் பதினாறு மணி நேரம். அதில் ஐந்து தாவரவியல். மீதியில் சுற்றுச்சூழல் கல்வி, நூலக நேரம், யோகா எல்லாம் இருந்தன.

"யோகா எனக்குத் தெரியாதே சார்" என்றாள் முதல்வரிடம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இதற்கு முன் அந்த வேலைக்கு வந்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. பேனாவை எடுத்து யோகாவை அடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த இடத்தில் 'கோலப்போட்டி நடுவர்' என்று எழுதினார்.

"இதுவாவது தெரியுமா?"

"சுமாரா தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு, மதிவதனி சாக்பீஸை எடுத்துக்கொண்டு முதல் வகுப்புக்கு நடந்தாள்.